சிமுலேட்டரில் பழகினால் நிஜ ஹெலி கைக்கு வருமா?

2023 ஜூன் 11, காலை (கேள்வி)

அண்ணா, கல்யாண வீடியோ வேலைக்காக இரண்டு வருடமாக டிரோன் ஓட்டுகிறேன். இப்போது பழைய 450 அளவு ரேடியோ கன்ட்ரோல் ஹெலிகாப்டர் (ஹெலி) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. முதலில் சிமுலேட்டரில், அதாவது பறக்கப் பழகும் கணினி மென்பொருளில், பழகு என்கிறார்கள் சிலர். அது வீடியோ கேம்தானே, அந்தக் காசுக்கு நாலு செட் இறக்கை வாங்கி வைத்துக்கொண்டு நிஜத்திலேயே பழகலாம் என்கிறார் என் நண்பர். டிரோன் பழக்கம் இருப்பதால் எனக்கு அது தேவைப்படாது என்றுதான் நானும் நினைக்கிறேன். சரியா?

2023 ஜூன் 11, இரவு

சரியில்லை. டிரோன் பழக்கம் இங்கே உதவுவதைவிட ஏமாற்றுவதுதான் அதிகம்.

உங்கள் டிரோனில் ஸ்டிக்கை விட்டுவிட்டால் அது ஜிபிஎஸ்ஸையும் காற்றழுத்தமானியையும் வைத்துத் தானே நிற்கும். 450 ஹெலியில் கையை எடுத்தால் இரண்டு மூன்று விநாடிகூட நிற்காது. திரும்புவதை உணர்ந்து திருத்தும் ஜைரோ வாலை மட்டும்தான் பிடித்துக்கொள்கிறது. உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சாய்ந்தபடியே ஓட ஆரம்பித்துவிடும். அதுவும் மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுழலும் ரோட்டர் என்றால் வால் விசிறியின் தள்ளலால் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் லேசாக வலப்பக்கம் சாய்த்துத்தான் நிறுத்த வேண்டும். நேராக நிற்கிற ஹெலி நகர்கிறது, சாய்ந்த ஹெலி நிற்கிறது. இதை விரல் தானாகச் செய்யும் வரை பழக வேண்டும்.

நான் 2012இல் சிமுலேட்டர் இல்லாமல்தான் ஆரம்பித்தேன். முதல் மாதத்தில் மூன்று முறை விழுந்தது. ஒவ்வொரு முறையும் இறக்கை இரண்டு, மெயின் ஷாஃப்ட், ஃபெதரிங் ஷாஃப்ட், மெயின் கியரில் பல் போனது, ஒரு முறை வால் குழாயை இறக்கையே வெட்டியது. மூன்றாவது முறைக்கு 2,300 ரூபாய் ஆனது. ரூபாயைவிட வலித்தது பாகத்துக்காகக் காத்திருந்த நாட்கள்தான். வந்த பாகத்தைப் பூட்டி, அளவு சரிபார்த்து, நாலு நிமிடம் பறந்து, மறுபடி விழும். மூன்று மாதத்தில் மொத்தமாக ஸ்டிக்கைப் பிடித்த நேரம் ஒரு மணி நேரம்கூட இருக்காது.

அப்புறம் சிமுலேட்டர் போட்டேன். அதே ஒரு மணி நேரம் ஒரே ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் கிடைத்தது. 40 மணி நேரம் ஓட்டுங்கள், அப்புறம் காட்டுக்கு (எங்கள் பக்கம் விளைநிலத்தைத்தான் காடு என்போம்) போங்கள்.

2023 ஜூன் 12

ஒன்று விட்டுப்போனது. கேம்பேடில் பழகாதீர்கள். அதில் இரண்டு ஸ்டிக்கும் நடுவுக்கே திரும்பும். ஹெலி ரேடியோவில் (கையில் பிடிக்கும் ரிமோட்), ஹெலியை ஏற்றி இறக்கும் கலெக்டிவ் ஸ்டிக் விட்ட இடத்தில் நிற்க வேண்டும். நிஜத்தில் எந்த ரேடியோவைப் பிடிக்கப் போகிறீர்களோ அதையே கணினியில் இணையுங்கள். உங்களிடம் இருப்பது ஃப்ளைஸ்கை ஐ6 என்றால் பின்பக்கம் நாலு ஊசி உள்ள வட்டத் துளை இருக்கும். அதற்கான யுஎஸ்பி சிமுலேட்டர் கேபிள் மலிவாகவே கிடைக்கிறது. ரேடியோமாஸ்டர் மாதிரி புதியவை என்றால் சாதாரண யுஎஸ்பி கம்பியைச் செருகினாலே ஜாய்ஸ்டிக்காகக் காட்டும்.

மென்பொருள் எது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஹெலிக்கு மட்டும் என்றால் நெக்ஸ்ட் அல்லது ஹெலி-எக்ஸ். விமானமும் வேண்டும் என்றால் ரியல்ஃபிளைட். நான் பழகிய ஃபீனிக்ஸ் விற்பனை நின்று சில வருடங்கள் ஆகிவிட்டன, அதைத் தேடி அலைய வேண்டாம். பத்து வகை வாங்கி ஒப்பிடுவதைவிட ஒன்றை வைத்துக்கொண்டு ஓட்டுவது மேல்.

2023 ஜூன் 19

கேள்வி கேட்ட தம்பி எழுதியது: “கலெக்டிவை ஏற்றினால் ஹெலி மேலே போகாமல் உருண்டு விழுகிறது. சிமுலேட்டரே தப்பு.”

சிமுலேட்டர் தப்பில்லை. ரேடியோவில் ஹெலி மாடலைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். நிஜ ஹெலியில் ஸ்வாஷ்பிளேட்டை (இறக்கைகளின் கோணத்தை மாற்றும் தட்டு) மூன்று சர்வோ (சின்ன மோட்டார்கள்) 120 டிகிரி இடைவெளியில் தூக்குகின்றன. ஏற்றினால் மூன்றும் சேர்ந்து ஏற வேண்டும், சாய்த்தால் ஒன்று ஏறி இன்னொன்று இறங்க வேண்டும். ஜைரோப் பெட்டி செய்யாத இடத்தில் அந்தக் கலவையை ரேடியோவே செய்து அனுப்புகிறது. சிமுலேட்டரோ அந்தக் கலவையைத் தானே செய்துகொள்ளும். ஏற்கெனவே கலந்து வந்ததை அது இன்னொரு முறை கலக்கும்போது எல்லாம் குழம்பிவிடுகிறது.

ரேடியோவில் புதிதாக ஒரு வெற்று மாடல் திறவுங்கள். விமான வகை, கலவை எதுவும் வேண்டாம், டிரிம் எல்லாம் பூஜ்யம், வளைவுகள் எல்லாம் நேர்கோடு. அதற்குச் ‘சிம்’ என்று பெயர் வையுங்கள். பிறகு அளவுத்திருத்தம் செய்யுங்கள். திராட்டில் வளைவு (மோட்டார் வேகம்), பிட்ச் வளைவு (இறக்கைக் கோணம்), ஐடில்-அப் (ஸ்டிக்கை இறக்கினாலும் மோட்டார் வேகம் குறையாமல் வைப்பது) எல்லாம் சிமுலேட்டருக்குள் வைத்துக்கொள்ளலாம்.

2023 ஜூன் 19, பத்து நிமிடம் கழித்து

முக்கியமானது: மோட்டாரை உடனே நிறுத்தும் திராட்டில் ஹோல்டு சுவிட்ச் நிஜ ஹெலியில் எந்த இடத்திலோ, சிமுலேட்டரிலும் அதே இடம், அதே திசை. இதை மட்டும் தயவுசெய்து மாற்றாதீர்கள்.

2023 ஜூன் 25

“எங்கள் காலத்தில் சிமுலேட்டரா இருந்தது?” என்று மூத்தவர் ஒருவர் கேட்டிருக்கிறார். மரியாதையோடு சொல்கிறேன், அய்யா, இல்லைதான். ஜெர்மனியில் டீட்டர் ஷ்லூட்டர் 1960களின் கடைசியில் ரேடியோ ஹெலிகாப்டரை ஒழுங்காகப் பறக்க வைக்கப் பாடுபட்டபோது, வால் திசை மாறாமல் பிடிக்கும், இன்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் ஹெட்டிங் ஹோல்டு ஜைரோகூடக் கிடையாது. அவர்கள் எத்தனை இயந்திரத்தை உடைத்து அந்த விரலைச் சம்பாதித்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது. ஆனால் அவ்வளவு உடைத்தால்தான் கற்றதாக ஆகும் என்று நான் ஏற்கவில்லை.

இந்தச் சண்டை நமக்கு வெகு முன்பே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929இல் விமானி பழகும் பெட்டியைச் செய்தார். அவர் அப்பாவின் தொழிற்சாலை பைப் ஆர்கன் செய்யும் இடம். ஆர்கனுக்குக் காற்று தரும் துருத்தியையும் பம்பையும் வைத்தே அந்தப் பெட்டியை ஆடவும் சாயவும் வைத்தார். விமானப் படைக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குத்தான் விற்றது. 1934இல் தபாலை ராணுவ விமானங்கள் சுமக்க ஆரம்பித்து, மோசமான வானிலையில் விமானிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். அப்புறம்தான் ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அதில் உட்கார்ந்து பழகினார்கள்.

துருத்தியிலிருந்து மடிக்கணினிக்கு வந்திருக்கிறோம், அதே ‘விளையாட்டுச் சாமான்’ என்ற சொல் மட்டும் இன்னும் ஓயவில்லை. சரி, ஹெலிக்கு வருகிறேன்.

2023 ஜூலை 9

என்ன பழகுவது என்று தம்பி கேட்டிருக்கிறார். ஒரே ஒரு பயிற்சி: எட்டு திசை.

ஹெலியை உங்கள் முன்னால் ஏழெட்டு மீட்டர் தூரத்தில், கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். முதலில் வால் உங்களைப் பார்க்கட்டும். அது அசையாமல் ஒரு நிமிடம் நின்றால், மூக்கை அரைக்கால் வட்டம் திருப்பி அங்கே ஒரு நிமிடம். பிறகு பக்கவாட்டு. இப்படியே சுற்றி வந்தால் எட்டு நிலை. ஐந்தாவதில் மூக்கு உங்களைப் பார்க்கும். அங்கே எல்லாம் தலைகீழ். நீங்கள் வலப்பக்கம் சாய்த்தால் அது உங்கள் இடப்பக்கம் போகும், முன்னால் தள்ளினால் உங்கள் முகத்துக்கே வரும். எனக்கு அந்த ஒரு நிலைக்கு மட்டும் ஏழு வாரம் ஆனது.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட இது எவ்வளவோ மேல். முந்தின நாள் வராதது மறுநாள் காலையில் தானாக வந்து நிற்கும். ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை, ஆனால் எனக்கும் நான் பழக்கிவிட்ட மூன்று பேருக்கும் அப்படித்தான் நடந்தது.

பார்வையை எப்போதும் மூக்கிலேயே வையுங்கள். வாலைப் பார்த்துக்கொண்டு ரடர் (ஹெலியைத் திருப்பும் ஸ்டிக்) பழகினால் பின்னால் எல்லாவற்றையும் மறக்க வேண்டியிருக்கும்.

2023 ஜூலை 10

மூக்கு நம்மைப் பார்க்கும்போது ‘எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளு, முட்டுக் கொடுப்பது மாதிரி’ என்று ஒருவர் எளிய வழி சொல்லியிருக்கிறார். அது வேலை செய்யும். நானும் முதலில் அப்படித்தான் பழகினேன்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நேராக எதிரே நிற்கும் வரைதான் அந்த முட்டு உதவும். அரைக்கால் வட்டம் திரும்பிவிட்டால் ‘தாழும் பக்கம்’ ஸ்டிக்கில் எந்த மூலை என்று யோசிக்க வேண்டியிருக்கிறது, யோசிக்கிற நேரத்தில் தரை வந்துவிடும். இப்போது நான் சொல்லித்தருவது, ஹெலிக்குள் உட்கார்ந்து வலது இடது பார்ப்பது. மெதுவாகத்தான் வரும், ஆனால் எட்டு திசைக்கும் அது ஒன்றே போதும்.

2023 ஜூலை 30

எங்கள் பக்கம் பல்லடம், உடுமலைக் காடுகளில் இப்போது மேகாற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற இந்தக் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓயாது. காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள், 800 கிராம் ஹெலி எம்மாத்திரம்? இந்த நாலு மாதமும் நான் வீட்டுக்குள்தான் பறக்கிறேன்.

சிமுலேட்டரிலும் காற்று வைக்கலாம். முதல் மாதம் வேண்டாம். அப்புறம் மணிக்கு 10 கிலோமீட்டர் வைத்துப் பாருங்கள். நின்ற இடத்தில் நிறுத்துவதற்கே காற்றை நோக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று கைக்குப் புரியும். நான் பார்த்த சிமுலேட்டர்களில் காற்று ஒரே சீராகத்தான் வீசுகிறது. நிஜக் காட்டில் வேலியோரப் பனைமரம் ஒன்று போதும், அதற்குப் பின்னால் காற்று சுழன்று ஹெலியைத் திடீரென்று அரை மீட்டர் கீழே போடும். அதை எந்த அளவு கூட்டி வைத்தும் என்னால் திரையில் கொண்டுவர முடியவில்லை.

2023 ஆகஸ்ட் 20

முதல் நாள் 40 மணி நேரம் என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

தம்பி நேற்று, “அண்ணா, 31 மணி நேரம் ஆகிவிட்டது, தினமும் முப்பது நாற்பது முறை விழுகிறது” என்று எழுதியதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை. தப்பு அவருடையது இல்லை, மணிக்கணக்கு சொன்னவனுடையது.

சிமுலேட்டரில் விழுந்தால் ஒரு பட்டன். அரை விநாடியில் புது ஹெலி முன்னால் நிற்கும். அந்த அரை விநாடிதான் கெடுக்கிறது. விரலுக்கு விழுவது வலிக்கவில்லை என்றால், தப்பிக்க முயல வேண்டிய கடைசி ஒரு விநாடியில் அது முயல்வதை நிறுத்திவிடுகிறது. ‘போகட்டும், அடுத்தது’ என்று கட்டைவிரல் பட்டனுக்குப் போகிறது. 2013இல் காட்டில் எனக்கு அப்படியே நடந்தது. ஹெலி நாலு மீட்டர் உயரத்தில் பக்கவாட்டில் சரிந்தது. காப்பாற்ற நேரம் இருந்தது. என் கை நின்றுவிட்டது. நான் பயந்து நிற்கவில்லை, எதுவும் நடக்கவில்லை என்பது போல நின்றேன். மோட்டாரையும் நிறுத்தவில்லை. தரையில் கிடந்து சுழன்று மெயின் கியரையும் ஸ்பீடு கன்ட்ரோலரையும் தின்றது.

அதனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். சிமுலேட்டரில் விழப் போகிறது என்று தெரிந்தால் முதலில் திராட்டில் ஹோல்டு, பிறகுதான் தரை. விழுந்த பிறகு பட்டனைத் தொடாமல் ரேடியோவை மேசையில் வைத்துவிடுவேன். பக்கத்தில் ஒரு நோட்டு. என்ன நிலையில் இருந்தது, விரல் என்ன செய்தது என்று ஒரு வரி. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துத்தான் அடுத்தது. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். இரண்டாவது வாரத்தில் விழுவதே குறையும், ஏனென்றால் இப்போது விழுவதற்கு ஒரு விலை இருக்கிறது.

நோட்டைப் புரட்டினால் இன்னொன்றும் தெரிந்தது. என்னுடைய முதல் 50 விழுதலில் 34 ஒரே இடத்தில்: இடப்பக்கம் பார்த்த ஹெலி என்னை நோக்கித் திரும்பும்போது. வலப்பக்கத்திலிருந்து திரும்பும்போது அநேகமாக விழவே இல்லை. நோட்டு இல்லாவிட்டால் பொதுவாக ‘நோஸ்-இன் (மூக்கு நம்மைப் பார்க்கும் நிலை) வரவில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

ஆகவே கணக்கை மாற்றுகிறேன். மணி நேரத்தை எண்ண வேண்டாம். சிமுலேட்டரில் ஐந்து நிமிட டைமர் வையுங்கள். உங்கள் 3 செல் 2200 எம்ஏஎச் பேட்டரியும் அவ்வளவுதான் தாங்கும். ஐந்து நிமிடம் பறந்து, சொன்ன இடத்தில் இறக்கி, ஹோல்டு போட்டால் அது ஒரு பேட்டரி. தொடர்ந்து பத்து பேட்டரி விழாமல் வர வேண்டும். ஒன்பதாவதில் விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. அது வரும் நாளில் காட்டுக்குப் போகலாம்.

2023 ஆகஸ்ட் 21

“ஒன்பதாவதில் விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்தா?” என்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம்.

2023 செப்டம்பர் 17

டிவியில் இணைத்துப் பெரிய திரையில் ஓட்டலாமா என்று கேட்ட நண்பருக்கு: ஓட்டலாம், ஆனால் டிவியில் கேம் மோடு போட்டுக்கொள்ளுங்கள். படத்தை மெருகேற்றும் வேலையில் டிவி கொஞ்சம் தாமதப்படுத்தும். சினிமாவுக்கு அது தெரியாது. ஹெலிக்கு அந்தத் தாமதம் போதும், நீங்கள் திருத்துவது எல்லாம் பிந்திப் போய்த் தொட்டில் மாதிரி ஆட ஆரம்பித்துவிடும்.

2023 அக்டோபர் 8

தம்பிக்கு ஏழு பேட்டரி வரை வந்துவிட்டது. காற்றும் அடங்கிவிட்டது. அதனால் சிமுலேட்டர் சொல்லித்தராதவற்றை இப்போதே எழுதி வைக்கிறேன்.

சத்தம். 450 ஹெலியின் ரோட்டர் நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு வந்தால் இறக்கை நுனி விநாடிக்கு 90 மீட்டருக்கு மேல் போகிறது. ஸ்பீக்கரில் கேட்பதற்கும் எட்டு மீட்டர் தள்ளி நின்று நெஞ்சில் கேட்பதற்கும் சம்பந்தமில்லை. முதல் முறை கை நடுங்கும். எல்லோருக்கும் நடுங்கும். அந்த இறக்கை சதையைப் பார்த்தால் நிற்காது என்பதால் அந்த நடுக்கம் நல்லதுதான் என்று நினைக்கிறேன். ஆளோ குழந்தையோ நாயோ பக்கத்தில் இருந்தால் பேட்டரியைச் செருகவே செருகாதீர்கள்.

வெயில். சிமுலேட்டரில் சூரியன் கண்ணைக் குத்தாது. மாலையில் மேற்கே பார்த்து நின்றால் ஹெலி வெறும் கறுப்பு உருவம், மூக்கு எது வால் எது தெரியாது. எட்டு திசையும் அத்துப்படி என்றாலும் எந்தத் திசை என்றே தெரியாவிட்டால் விரல் என்ன செய்யும்? சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கேனப்பி (ஹெலியின் முன்பக்க மூடி) எலுமிச்சை மஞ்சளோ ஆரஞ்சோ இருந்தால் நல்லது.

உயரம். பயத்தில் எல்லோரும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிறுத்தப் பார்ப்பார்கள். அங்கேதான் ரோட்டர் தள்ளிய காற்று தரையில் பட்டுத் திரும்பி ஹெலியைக் குலுக்கும். ஒரு மீட்டருக்கு மேலே போய்விட்டால் அமைதியாக நிற்கும். சிமுலேட்டரில் தரை ஓரத்தில் சுலபமாக நிற்பதைப் பார்த்து நம்ப வேண்டாம்.

மோட்டார் நின்றால், ரோட்டரின் மீதிச் சுழற்சியை வைத்தே இறக்கும் ஆட்டோரொடேஷனையும் அப்படியே நம்ப வேண்டாம். திரையில் நூறு முறை பூப்போல இறக்கியிருக்கிறேன். ஆனால் 450இன் சின்ன இறக்கைகளில் சேர்ந்திருக்கும் சுழற்சி வேகம் சீக்கிரம் தீர்ந்துவிடும். கடைசி ஒரு மீட்டரில் பிட்ச் ஏற்றுவதற்கு ஒரே வாய்ப்புதான்.

அப்புறம் இயந்திரம். திரையில் திருகு தளராது. காட்டில் ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் இணைப்புக் கம்பிகளை விரலால் அசைத்துப் பாருங்கள். இரண்டு இறக்கையும் ஒரே தளத்தில் சுற்றுகின்றனவா என்று பார்க்கத் தெரிந்தவர் ஒருவரை முதல் நாள் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 24

கூட வைத்துக்கொள்ளச் சொன்ன ஆள் நானாகவே போய்விட்டேன். இன்று காலை ஆறே முக்காலுக்குத் தம்பியின் காட்டில், சோளம் அறுத்த நிலம். பத்து பேட்டரி நவம்பர் கடைசியிலேயே வந்துவிட்டதாம், ஒரு முறை ஒன்பதாவதில் போய் மறுபடி ஆரம்பித்தாராம்.

இறங்கும்போது கவிழாமல் இருக்க, ஹெலிக்குக் கீழே மூங்கில் சிம்பு இரண்டைக் குறுக்காகக் கட்டி, நுனியில் நாலு டேபிள் டென்னிஸ் பந்து. அவருடைய பாட்டி திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, “இத்தனை பந்து எதுக்கு, ஆட்டத்துக்கு ரெண்டு பேரு கூட இல்லியே?” என்றார்.

முதல் பேட்டரியில் இரண்டு நிமிடம் நின்றது, வால் நம்மைப் பார்த்து. நடுங்கும் கையோடு, ஆனால் ஒரு மீட்டர் உயரத்தில். இரண்டாவதில் இறக்கும்போது ஒரு மூங்கில் நுனி சோளக்கட்டையில் மாட்டி ஹெலி சாய ஆரம்பித்தது. நான் “ஹோல்டு” என்று சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் சுவிட்சைப் போட்டுவிட்டார். மோட்டார் நின்று, வேகம் தணிந்த இறக்கை மண்ணைத் தட்டி நின்றது. உடைந்தது ஒரு இறக்கை நுனியும் ஒரு பந்தும். மெயின் கியர் முழுசாக இருக்கிறது. மூடியைக் கழற்றி ஒவ்வொரு பல்லாக நானே எண்ணிப் பார்த்தேன்.

நின்ற இடத்திலேயே பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். “இறக்கும்போது பக்கவாட்டு நகர்வு இருந்தது. தரையைப் பார்த்தேன், மூக்கைப் பார்க்கவில்லை.”

2024 ஜனவரி 17

நேற்று மாட்டுப் பொங்கல், காடு முழுக்க மாடும் ஆளும், பறக்கவில்லை. தம்பி இதுவரை நிஜத்தில் 14 பேட்டரி. வாலும் இரண்டு பக்கவாட்டும் நிற்கிறது. மூக்கு நம்மைப் பார்க்கும் நிலையைக் காட்டில் இன்னும் தொடவில்லை, சிமுலேட்டரில் தினமும் அதற்கு மட்டும் இருபது நிமிடம் தருகிறார். பந்துகளைக் கழற்றலாமா என்று கேட்டார். அந்த நிலை வந்த பிறகு கழற்றலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காற்று இல்லாவிட்டால் ஆறரைக்கெல்லாம் அங்கே இருப்பேன்.